தலையணைக்கு அடியில் ஒரு ரொட்டித் துண்டு: வாசகர் கேள்வி – பதில்

டப்ளினில் பணிபுரியும் நம் வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் சுருக்கி வெளியிட்டு, விரிவாகப் பதில் சொல்வதாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வேறு சிலரும் அதே பொருளில் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். எண்பதைக் கடந்த ஒரு தாத்தா, இரவு உணவில் தரும் ரொட்டியில் ஒரு துண்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். வராந்தாவில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை குருவானவர் நற்கருணை அப்பம் கொண்டுவரும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். உடன் வேலை செய்யும் ஐரிஷ் அக்காவிடம் கேட்டேன். "அவர் இண்டஸ்ட்ரியல் ஸ்கூலில் வளர்ந்தவர், ஒன்றும் கேட்காதே" என்றார். அது என்ன பள்ளி? நான் அவரிடம் எப்படி நடந்துகொள்வது?
— ஒரு செவிலியர், டப்ளின்

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொண்டால் அதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

'தொழிற்பள்ளி' என்ற பெயரைக் கேட்டால் ஐ.டி.ஐ. போல ஏதோ ஒன்று என்று நமக்குத் தோன்றும். அவை பள்ளிகள் என்பதைவிடப் பிள்ளைகளை அடைத்து வைத்த இடங்கள் என்பதே பொருந்தும். 1868-இல், அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது வந்த சட்டம் அவற்றுக்கு வழிவகுத்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. தாய் இறந்துவிட்டார், தகப்பனுக்கு வேலை இல்லை, மணமாகாத பெண்ணுக்குப் பிறந்தது, பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை, தெருவில் கையேந்தியது என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு குழந்தையை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுத்தி, பதினாறு வயது வரை அங்கே அனுப்பிவிடலாம். குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தின் ஆய்வாளர்தான் பெரும்பாலும் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவரை மக்கள் 'குருவெல்டி மேன்' என்றுதான் அழைத்தார்கள். கொடுமையைத் தடுக்க வந்தவருக்குக் கொடுமையின் பெயரே ஒட்டிக்கொண்டது.

பள்ளிகளை நடத்தியவை கத்தோலிக்கத் துறவற சபைகள். டப்ளினில் ஆர்டேன், கால்வே மாவட்டத்தின் மேற்குக் கோடியில் லெட்டர்ஃப்ராக் ஆகிய சிறுவர் பள்ளிகளைக் 'கிறிஸ்டியன் பிரதர்ஸ்' சபையும், டப்ளினின் கோல்டன்பிரிட்ஜ் சிறுமியர் இல்லத்தை 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' சபையும், க்ளொன்மெல் ஊருக்கு அருகில் இருந்த ஃபெரிஹவுஸை ரொஸ்மீனியன் சபையும் நடத்தின. ஆர்டேன் 1870-இல் திறக்கப்பட்டு 1969-இல் மூடப்பட்டது; ஒரு காலத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் அங்கே ஒரே நேரத்தில் இருந்தார்கள். அரசு தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தது. தலைக்கணக்கில் பணம் வரும் இடத்தில் தலைகள் குறையக் கூடாது என்ற எண்ணம் வந்துவிடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பல இடங்களில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண் சொல்லியே கூப்பிட்டார்கள்.

உங்கள் தாத்தாவின் கைகளும் ரொட்டியும் இங்கேதான் வருகின்றன. பசி என்பது அந்தப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் சொல்கிற செய்தி. இன்னொன்று தோல்வார். கனத்த தோலைத் தைத்துச் செய்த அந்த வாரைப் பிரதர்கள் அங்கியிலேயே வைத்திருப்பார்கள். முதலில் அடி விழுவது உள்ளங்கையில்தான். படுக்கையை நனைத்த பிள்ளைக்கும், தப்பி ஓடிப் பிடிபட்ட பிள்ளைக்கும், சில நேரங்களில் எந்தக் காரணமும் இல்லாமலும் அந்த அடி விழுந்தது. அடுத்த அடி எப்போது, யாரிடமிருந்து வரும் என்று தெரியாத அச்சத்திலேயே பிள்ளைகள் நாள்தோறும் வாழ்ந்தார்கள் என்று 2009-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. சிறுவர் பள்ளிகளில் பாலியல் வன்கொடுமை எங்கோ நடந்த ஒன்றிரண்டு நிகழ்வாக இல்லாமல், ஊரில் ஒரு நோய் நிலைத்திருப்பதுபோல நிலைத்திருந்தது என்பதும் அந்த அறிக்கையின் முடிவு.

கோல்டன்பிரிட்ஜில் நடந்த ஒன்றை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். அங்கே சிறுமியர் ஜெபமாலை கோத்தார்கள். கையில் ஒரு குறடும் கம்பியும் கொடுத்து, மணியில் கம்பியைச் செருகி, வளைத்து, அடுத்த மணியோடு இணைக்கச் சொன்னார்கள். நாளொன்றுக்கு அறுபது பத்துமணிகள், அதாவது அறுநூறு மணிகள் கோக்க வேண்டும். பள்ளி விட்டு வந்து உட்கார்ந்தால் கணக்கு முடியும்வரை எழுந்திருக்க முடியாது. கம்பி கிழித்து விரல் புண்ணாகும். கணக்குக் குறைந்தால் அடி. அந்த மாலைகள் வெளியே விற்பனைக்குப் போயின. யாரோ ஒரு தாய், தன் பிள்ளையின் நலனுக்காக, அந்த மணிகளை உருட்டி ஜெபித்திருப்பாள். இதைப் படித்த அன்று என் பாட்டியின் ஜெபமாலையை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

ஒரு நாடே அறியாமல் இத்தனை ஆண்டுகள் இது நடந்திருக்க முடியுமா? பெற்றோர், காவலர், அரசு ஆய்வாளர்கள் என்று யாருமே பேசவில்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, அறியாமல் நடக்கவில்லை. பேசியவர்களும் இருந்தார்கள், ஆனால் அவர்களை யாரும் நம்பவில்லை.

1946-இல் அமெரிக்காவிலிருந்து ஃபாதர் எட்வர்ட் ஃபிளானகன் தம் பிறந்த நாட்டுக்கு வந்தார். நெப்ராஸ்காவில் 'பாய்ஸ் டவுன்' என்ற சிறுவர் இல்லத்தை உருவாக்கி உலகப் புகழ்பெற்ற பாதிரியார் அவர். அயர்லாந்தின் இந்த நிறுவனங்கள் நாட்டுக்கே அவமானம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நாடாளுமன்றத்தில் இது எழுந்தபோது, அவர் மிகைப்படுத்திப் பேசுகிறார் என்று சொல்லி நீதித்துறை அமைச்சர் கடந்து போய்விட்டார். அங்கி அணிந்த ஒரு குருவின் சொல்லுக்கே இந்த மரியாதை என்றால், கிழிந்த காற்சட்டை அணிந்த ஒரு சிறுவனின் சொல் எந்த அம்பலத்தில் ஏறும்?

அப்படி ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். பீட்டர் டைரல் என்பது அவர் பெயர். கால்வே மாவட்டத்தின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1924-இல், எட்டு வயதில், சகோதரர்களோடு லெட்டர்ஃப்ராக்கில் விடப்பட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தையல் தொழிலைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தார். பின்னர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தார். லெட்டர்ஃப்ராக்கோடு ஒப்பிட்டால் அந்தக் கைதி முகாம் எளிதாகவே இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். போர் முடிந்த பின் இங்கிலாந்தில் தங்கி, நடந்தவற்றைத் துறவற சபைக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் கடிதமாக எழுதினார். பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை எதிர்த்துக் குரல் கொடுத்துவந்த செனட் உறுப்பினர் ஓவன் ஷீஹி-ஸ்கெஃபிங்டன் ஒருவர்தான் அவர் சொன்னதற்குச் செவி கொடுத்து, முழுவதையும் எழுதிவையுங்கள் என்று ஊக்கினார். எழுதினார். ஆனால் நாடு அசையவில்லை. 1967 ஏப்ரலில், லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் திறந்தவெளியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் யார் என்று கண்டுபிடிக்கவே காவல்துறைக்கு ஓராண்டுக்கு அருகில் ஆயிற்று. உடலருகே கிடைத்த கிழிந்த அஞ்சலட்டையில் 'ஸ்கெஃபிங்டன்', 'டப்ளின்' என்ற சொற்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. தம்மை நம்பிய ஒரே மனிதரின் பெயரைத்தான் அவர் கடைசியாக விட்டுச் சென்றிருக்கிறார். அவருடைய கையெழுத்துப் பிரதி ஸ்கெஃபிங்டனின் காகிதங்களுக்கு இடையில் கிடந்து, 2006-இல்தான் நூலாக வெளிவந்தது.

1970-இல் நீதிபதி ஐலீன் கென்னடி தலைமையிலான குழு, இந்தப் பள்ளிகளைக் கலைத்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பின் ஒவ்வொன்றாக மூடினார்கள். லெட்டர்ஃப்ராக் 1974-இல் மூடப்பட்டது. கட்டடங்கள் மூடப்பட்டாலும் உள்ளே நடந்தது என்னவென்று யாரும் கேட்கவில்லை. 1996-இல், கோல்டன்பிரிட்ஜில் வளர்ந்த கிறிஸ்டின் பக்லி, தம் முகத்தை மறைக்காமல், தம் பெயரிலேயே தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் பேசினார். 1999-இல் பத்திரிகையாளர் மேரி ராஃப்டரி, கல்வித்துறையின் பழைய கோப்புகளையும் அந்தப் பள்ளிகளில் வளர்ந்தவர்களின் வாக்குமூலங்களையும் ஒன்றாக வைத்து மூன்று பகுதிகளாக ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்தார். அந்தக் கோப்புகளைப் பார்த்தபோதுதான், அரசுக்குப் புகார்கள் வந்துகொண்டே இருந்தன, அவை வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டன என்பது ஊருக்கு விளங்கியது. தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே, 1999 மே 11 அன்று, பிரதமர் பெர்ட்டி அஹர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டார்கள், ஆணையம் வைத்தார்கள், இழப்பீடும் கொடுத்தார்கள் என்று படித்தேன். அப்படியானால் நீதி கிடைத்துவிட்டது என்று கொள்ளலாமா?
— சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

அம்மா, இந்தக் கேள்விக்கு ஆம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளை நீங்கள் இப்படிப்பட்ட ஒருவருக்காக வழக்காடக்கூடும்.

இந்தக் கொடுமைகளை விசாரிக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆணையத்தில் இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்றில் பாதிக்கப்பட்டவர் தம் கதையைச் சொல்லலாம், யாரும் குறுக்கே கேட்க மாட்டார்கள், ஆனால் குற்றம் செய்தவரின் பெயர் வெளியே வராது. மற்றொன்றில் புகாரைச் சோதித்துப் பார்ப்பார்கள், சபைகளின் வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். முதல் குழுவிடம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். தலைவராக இருந்த நீதிபதி மேரி லஃபாய், அரசே போதிய ஒத்துழைப்புத் தரவில்லை என்று 2003-இல் பதவி விலகினார். நீதிபதி ஷான் ரயன் பொறுப்பேற்றார். கிறிஸ்டியன் பிரதர்ஸ் சபை நீதிமன்றம் சென்றதன் விளைவாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் உண்மைப் பெயர்கள் அறிக்கையில் இடம்பெறாமல் போயின. 2009 மே 20 அன்று ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளியானபோது, அதில் உள்ளவை பெரும்பாலும் புனைபெயர்கள். அறிக்கையை வைத்து யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர்.

அறிக்கை வந்த சில நாட்களில் ஒரு தொலைக்காட்சி விவாதம் நடந்தது. மேடையில் அமைச்சர் ஒருவரும் இருந்தார். பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து எழுந்தார் மைக்கேல் ஓ'பிரையன். க்ளொன்மெல் நகரின் முன்னாள் மேயர். ஆளுங்கட்சியில் நெடுநாள் உழைத்தவர். தம் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரும் வாரிச் செல்லப்பட்டதையும், ஃபெரிஹவுஸில் தமக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட்டு, ஆணையத்தில் ஏழு வழக்கறிஞர்கள் தம்மைச் சூழ்ந்து பொய் சொல்கிறாய் என்று நிரூபிக்கப் பார்த்ததைச் சொன்னார். தள்ளாத வயதில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, அடக்க முடியாமல் நடுங்கிய அந்தக் குரல், ஐந்து தொகுதிகள் சொன்னதை ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுசேர்த்தது. இழப்பீட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய நினைவுதான் வருகிறது.

இழப்பீட்டு வாரியம் 2002-இல் அமைக்கப்பட்டது. 15,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. சராசரியாக ஒருவருக்கு அறுபதாயிரம் யூரோவைச் சற்றே கடந்த தொகை. பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. படிப்பும் தொழிலும் குடும்பமும் கெட்டுப்போன ஒருவருக்கு அது கூரையாகவும் மருந்தாகவும் ஆகும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வாரியத்திடம் தாம் சொன்னதையும் பெற்ற தொகையையும், யாரால், எங்கே பாதிக்கப்பட்டோம் என்பது வெளிப்படும்படி பொதுவெளியில் சொன்னால் அது குற்றம். 25,000 யூரோ வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம். சிறுவயதில் 'வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன்' என்று மிரட்டப்பட்டவர்களிடம், அறுபது வயதில் அரசாங்கம் முத்திரை குத்திய காகிதத்தில் அதையே திரும்பச் சொன்னது. ஒருபுறம் நம்புகிறோம் என்றது, மறுபுறம் பேசாதே என்றது. கொடுத்ததில் பாதியை அந்த ஒரு பிரிவே பிடுங்கிக்கொண்டது என்பது என் முடிவு. 2019-இல் இந்த ஆவணங்கள் அனைத்தையும் 75 ஆண்டுகள் பூட்டி வைக்க ஒரு மசோதாவும் வந்தது. தம் சொந்தக் கதையைத் தம் ஆயுளில் தாமே பார்க்க முடியாதா என்று பாதிக்கப்பட்டவர்களும் வரலாற்றாளர்களும் எதிர்த்து நின்றார்கள்; அது சட்டமாகவில்லை.

பணம் யார் கொடுத்தது என்பதும் முக்கியம். 2002-இல் 18 சபைகளும் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பணமும் சொத்துமாக 12.8 கோடி யூரோவைச் சபைகள் கொடுக்கும், அதற்கு மேல் எவ்வளவு ஆனாலும் அரசே பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. மொத்தச் செலவு ஏறத்தாழ 150 கோடி யூரோ ஆயிற்று. அறிக்கை வெளிவந்த பிறகு சபைகள் மேலும் தருவதாக உறுதியளித்தாலும், சுமையின் பெரும்பகுதி வரி கட்டிய மக்களின் தோளில்தான் விழுந்தது.

நீங்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்றும் உண்டு. லூயிஸ் ஓ'கீஃப் என்ற பெண்மணி, 1973-இல் கார்க் மாவட்டத்தின் ஒரு தொடக்கப் பள்ளியில், தலைமையாசிரியரால் பாதிக்கப்பட்டவர். அது விடுதி அல்ல, திருச்சபை நிர்வகித்து அரசு சம்பளம் கொடுத்த சாதாரணப் பகல் பள்ளி. நிர்வாகம் எங்களுடையது அல்ல என்று அரசு கைகழுவியது. 2008-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தோற்றால் வழக்குச் செலவில் வீடே போய்விடும் என்ற நிலையிலும் அவர் விடவில்லை. 2014 ஜனவரி 28 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குழந்தையைக் காக்கும் கடமையை அரசு இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது.

நான் கத்தோலிக்கப் பெண். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துத்தான் ஆளானேன். இப்படி எழுதுவது நல்லவர்களையும் சேர்த்துப் பழிப்பதாகாதா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

உங்கள் நன்றியுணர்வு உண்மையானது. அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. நானும் அத்தகைய ஒரு பள்ளியில் படித்தவன்தான். ஆனால் இங்கே பேச்சு மதத்தைப் பற்றியது அல்ல. கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தை, கேள்வி கேட்க யாருமற்ற பிள்ளைகள்மேல் வைத்துப் பூட்டினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. ஃபாதர் ஃபிளானகன் குருதான். அவர் பேசியபோது பழித்ததாகத்தான் சொன்னார்கள்.

மைக்கேல் ஓ'பிரையன் அன்று சொன்னதில் ஒன்றை நான் மேலே எழுதவில்லை. சனிக்கிழமை தம்மைச் சீரழித்து அடித்த அதே ஆள், மறுநாள் காலையில் தம் நாவில் நற்கருணையை வைத்தார் என்றார். விசுவாசமுள்ள உங்களுக்கு அதன் கனம் என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளையிடமிருந்து பறிபோனவற்றில் விசுவாசமும் ஒன்று. 2024 செப்டம்பரில் வெளியான அரசின் முதற்கட்ட ஆய்வில், சபைகள் நடத்திய 308 பள்ளிகளைப் பற்றி 2,395 குற்றச்சாட்டுகள் வந்திருந்தன. அவற்றில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த பெரிய பள்ளிகளும் அடங்கும். அதன் பிறகே அரசு முழு விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. பேச்சு இன்னும் முடியாத நிலையில், பேசுகிறவர்களைப் பழிப்பவர்கள் என்று நினைக்காதிருப்பதே உங்களைப் போன்றவர்கள் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி.

இனி டப்ளின் சகோதரிக்கு.

இப்படி வளர்ந்தவர்கள் பலருக்கு முதுமையில் இருக்கும் பெரிய அச்சம், மறுபடியும் ஒரு நிறுவனத்துக்குள் போக வேண்டுமே என்பது. வரிசைக் கட்டில்கள், மணியடித்தால் சாப்பாடு, சீருடை அணிந்தவர்கள், உள்ளிருந்து திறக்க முடியாத கதவு என்று உங்களுக்குப் பணியிடமாக இருப்பது அவருக்குப் பழைய இடமாகத் தோன்றலாம். ஆகவே அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டி, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவரையும் பெயர் சொல்லி அழையுங்கள், படுக்கை எண்ணால் குறிப்பிட வேண்டாம். தொடுவதற்கு முன்னும், குளிப்பாட்டுவதற்கு முன்னும், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அவர் தலையசைக்கும்வரை பொறுங்கள். சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தக் கட்டிலைக் கடந்து போகச் செய்யுங்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் மறுப்பது உங்களை அல்ல.

கதையைக் கேட்டு வாங்காதீர்கள். என்றாவது நள்ளிரவில் அவராகவே தொடங்கினால், உட்கார்ந்து கேளுங்கள். 'அப்படியுமா நடந்தது' என்று வியப்புக்காகக்கூடக் கேட்டுவிடாதீர்கள்; நம்பாத குரலாக அது அவர் காதில் விழும். நம்புகிறேன் என்று ஒரு முறை சொன்னால் போதும். உங்கள் இல்லத்துப் பொறுப்பாளரிடம் சொல்லி, இத்தகையவர்களோடு பழகிய ஆலோசகர் ஒருவரை அவர் விரும்பினால் மட்டும் வரவழைக்கலாம்.

அந்த ரொட்டியை மட்டும் அவர் தூங்கும்போது எடுத்துப் போட்டுவிடாதீர்கள். காலையில் விரிப்பை மாற்றும்போது, அவரிடம் கேட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய துண்டை எடுத்துவிட்டு, புதிய துண்டு ஒன்றைச் சுத்தமான காகிதத்தில் சுற்றி அதே இடத்தில் வையுங்கள்.